படிக்கும் ஒவ்வொரு முறையும்

நினைவகத்தின் கதை – பகுதி 9

சென்ற வாரம் 1970-ல் நிறுத்தியிருந்தோம். புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக ஒரு சுருக்கம்.

1958-ல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் லிஸ்ப் மொழியை உருவாக்கத் தொடங்கினார். நிரல் எழுதுகிறவர் நினைவகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வேண்டியபோது கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், பயன் முடிந்ததை இயந்திரமே கண்டுபிடித்து மீட்டுக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். அப்படிப் பயன் முடிந்த தரவுதான் குப்பை, அதை மீட்கும் பகுதி குப்பை சேகரிப்பான். 1963-ல் மார்வின் மின்ஸ்கி, பயனில் உள்ள தரவை மட்டும் வெளியே நகலெடுத்து, மறுபடி நெருக்கமாக உள்ளே கொண்டுவரும் வழியைக் காட்டினார். 1969-ல் ஃபெனிகெலும் யோகெல்சனும் நினைவகத்தை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். 1970 நவம்பரில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சி. ஜே. செனி, அந்த நகலெடுப்பு வேலையை இரண்டே பக்கக் கட்டுரையில் முடித்துக் காட்டினார்.

செனியின் முறை இன்றைக்கும் அழகானது. நிரல் பழைய பாதியில் வேலை செய்கிறது. அது நிரம்பியதும், நிரலுக்கு இன்னும் எட்டக்கூடிய தரவு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய பாதிக்கு நகலாகிறது. பிறகு பழைய பாதியை மொத்தமாகக் கைகழுவிவிடலாம். குப்பையைத் தொடவே வேண்டியதில்லை. நடுநடுவே ஓட்டைகளும் இருக்காது. புதிதாக இடம் ஒதுக்க, ஒரு முகவரியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் போதும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இவ்வளவும் நடந்து முடியும்வரை நிரல் அசையக்கூடாது.

அந்த நிபந்தனையை உடைக்க முடியுமா என்ற கேள்வியோடு சென்ற வாரம் பிரிந்தோம். உடைத்தவரின் கதை இந்த வாரம்.

*

நிறுத்தம் எவ்வளவு சங்கடமானது என்பதை லிஸ்ப்பின் முதல் நேரடிச் செயல்விளக்கத்திலேயே மெக்கார்த்தி அனுபவித்துவிட்டார்.

எம்.ஐ.டி.க்கு வந்திருந்த தொழில்துறைப் பெரியவர்கள் முன்னால் காட்சி. ஐ.பி.எம். 704 இயந்திரத்தோடு ஒரு தட்டச்சுக் கருவியை இணைத்திருந்தார்கள். எல்லாம் மெதுவாக, ஆனால் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று கருவி தானாகவே அடிக்க ஆரம்பித்தது. குப்பை சேகரிப்பான் அழைக்கப்பட்டுவிட்டதாம், அதைப் பற்றிச் சுவையான புள்ளிவிவரங்கள் இதோ வருகின்றனவாம். வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. அச்சாக வேண்டியதோ ஒரு முழுப் பக்கம்.

ஒத்திகையில் நினைவகம் தீரவில்லை. ஒத்திகைக்குப் பிறகு லிஸ்ப்பை மறுபடி ஏற்றாமலே மேடைக்கு வந்துவிட்டார்கள். கருவி அடித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று தெரிந்தது. பேசியவர், கேட்டவர் எல்லோரும் சிரிப்பில் செயலிழந்தார்கள். யாரோ விளையாட்டுப் பிள்ளை இயந்திரத்தில் கைவைத்துவிட்டதாகச் சிலர் நினைத்திருக்கக்கூடும் என்று மெக்கார்த்தி பிற்பாடு எழுதினார்.

மேடையில் சிரித்துவிட்டுப் போகலாம். 1970-களில் லிஸ்ப் நிரல்கள் பெரிதாகிவிட்டன. கணித வினைகளைக் குறியீடுகளிலேயே செய்யும் மாக்சிமா போன்ற நிரல்களை ஆட்கள் முனையத்தின் முன் உட்கார்ந்து பயன்படுத்தினார்கள். ஒரு ரோபோவின் கையை லிஸ்ப் இயக்குகிறது என்று வையுங்கள். கை பாதி வழியில் இருக்கும்போது சேகரிப்பான் நிரலை நிறுத்தினால் என்னாகும்?

1975-ல் கை ஸ்டீல் ஒரு வழி சொன்னார். இரண்டு ப்ராசஸர் வைத்துக்கொள்ளலாம், ஒன்று நிரலை ஓட்டட்டும், மற்றது குப்பையைப் பார்க்கட்டும். டைக்ஸ்ட்ராவும் நண்பர்களும் அதே சிக்கலை எடுத்துக்கொண்டு, பிழையில்லை என்று நிரூபிப்பதோடு மல்லுக்கட்டினார்கள். அவர்களுடைய கட்டுரை 1978 நவம்பரில் வெளிவந்தது. மூன்று நிறங்களில் தரவைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் டைக்ஸ்ட்ரா குழு எதையும் இடம் மாற்றவில்லை. அது தப்பிக்கும் வழி என்று குறை சொல்லமாட்டேன். இடம் மாற்றுவதில் உள்ள ஆபத்து அத்தகையது.

*

அந்த ஆபத்தைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம். இதை விளங்கிக்கொண்டால் அடுத்த நாற்பது வருடக் கதையும் விளங்கிவிடும்.

பழைய பாதியில் ஒரு செல் இருக்கிறது. அதில் 100 என்ற எண். நிரலின் கையில் அந்தச் செல்லின் முகவரி இருக்கிறது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேகரிப்பான் வந்து அந்தச் செல்லைப் புதிய பாதிக்கு நகலெடுக்கிறது. இப்போது 100 இரண்டு இடத்தில் இருக்கிறது.

நிரலுக்கு இது தெரியாது. தன் கையிலுள்ள பழைய முகவரிக்குப் போய் 100-ஐ 150 ஆக மாற்றுகிறது. புதிய நகலில் இன்னும் 100தான்.

சற்று நேரத்தில் சேகரிப்பான் வேலையை முடித்துப் பழைய பாதியைத் துடைக்கிறது. 150 போய்விட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. நிரல் 100 என்றே நம்பிக்கொண்டு ஓடும். எப்போதாவது ஒரு நாள் எங்கோ ஒரு கணக்கு தவறாக வரும். அதைத் தேடிப் பிடிக்க நினைக்கிறவருக்கு என் அனுதாபங்கள்.

வீடு மாறிப் போகிறவர்கள் பழைய வீட்டுக் கதவில் புது முகவரியை எழுதி ஒட்டிவிட்டுப் போவார்கள் அல்லவா? நகலெடுக்கும் சேகரிப்பானும் அப்படியே செய்கிறது. இடம் மாறிய செல்லின் பழைய இடத்தில் புதிய முகவரியை எழுதி வைக்கிறது. ஆனால் கதவைப் பார்க்காமல் நேரே உள்ளே நுழைகிறவருக்கு அந்தச் சீட்டால் என்ன பயன்?

நிரல் கதவைப் பார்த்தே தீர வேண்டும். எப்போது பார்ப்பது? யார் பார்ப்பது? அந்தப் பார்வைக்கு ஆகும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

*

1977 பிப்ரவரி. எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வகத்தின் உள்சுற்றுக் கட்டுரை ஒன்று, எண் 139. எழுதியவர் ஹென்றி பேக்கர், கார்ல் ஹெவிட்டிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர். அடுத்த வருடம் ஏப்ரலில் அது ஏ.சி.எம். இதழில் அச்சானது. ஒற்றைக் கணினியில் நிகழ்நேரப் பட்டியல் செயலாக்கம் என்பது தலைப்பின் பொருள். ஒற்றை என்பதில்தான் சவால் இருக்கிறது. ஸ்டீலும் டைக்ஸ்ட்ராவும் கேட்ட இரண்டாவது ப்ராசஸர் எனக்கு வேண்டாம் என்கிறார்.

பேக்கர் செனியின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். இரண்டு பாதி, நகலெடுப்பு, பழைய இடத்தில் புது முகவரி. மாற்றியது ஒன்றைத்தான்: வேலையை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை.

பழைய பாதி நிரம்பியதும் பேக்கரின் சேகரிப்பான் இரண்டு பாதிகளின் பெயரை மாற்றுகிறது. நிரலின் கையில் நேரடியாக இருக்கும் சில முகவரிகளை மட்டும் புதிய பாதிக்குக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான். உடனே நிரல் தொடர்ந்து ஓடலாம். மிச்சமுள்ள தரவு முழுவதும் இன்னும் பழைய பாதியில்தான் கிடக்கிறது.

பிறகு, நிரல் புதிதாக ஒரு செல் கேட்கும் ஒவ்வொரு முறையும் சேகரிப்பான் சில செல்களை நகலெடுக்கிறது. எத்தனை என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளலாம். நான்கு என்று வைத்தால், ஒரு செல் கேட்டால் நான்கு செல் இடம் மாறும். அந்த எண்ணைக் கூட்டினால் ஒவ்வொரு வேண்டுதலும் தாமதமாகும், நினைவகம் குறைவாகச் செலவாகும். குறைத்தால் நேர்மாறு. நினைவகத்தையும் நேரத்தையும் எந்த விகிதத்தில் மாற்றிக்கொள்வது என்பதை ஒரே ஒரு எண்ணில் வைத்துவிட்டார். மாணவப் பருவத்து வேலை என்று நம்பச் சிரமமான தெளிவு.

ஆனால் நிரல் அந்த இடைவேளையில் பழைய பாதிக்குள் நுழைந்துவிட்டால்? அந்த 150?

இங்கேதான் பேக்கர் ஒரு சட்டம் போட்டார். நிரலின் கையில் பழைய பாதியின் முகவரி ஒருபோதும் வரக்கூடாது. ஒரு கணம்கூட.

வராமல் எப்படித் தடுப்பது? நிரலுக்குப் பழைய முகவரி கிடைக்க ஒரே வழிதான் உண்டு: நினைவகத்திலிருந்து படிப்பது. லிஸ்ப்பில் அது கார், குடர் என்ற இரண்டே செயல்கள். அந்த இரண்டிலும் ஒரு சோதனையைச் செருகினார். படித்து வந்த முகவரி பழைய பாதியைச் சுட்டுகிறதா? இல்லையென்றால் போகலாம். ஆம் என்றால், அந்தச் செல் ஏற்கெனவே இடம் மாறிவிட்டதா என்று பார். மாறியிருந்தால் புது முகவரியைக் கொடு. மாறவில்லை என்றால் இப்போதே, இந்த இடத்திலேயே நகலெடுத்து, புது முகவரியைக் கொடு.

படிக்கும்போது நடக்கும் இந்தச் சோதனைக்குத்தான் பிற்காலத்தில் ரீட் பேரியர் என்று பெயர் நிலைத்தது.

இதன் விளைவைப் பாருங்கள். நிரலைப் பொறுத்தவரை சேகரிப்பு முதல் நொடியிலேயே முடிந்துவிட்டது. அது பார்ப்பதெல்லாம் புதிய பாதி மட்டுமே. உண்மையில் முக்கால்வாசித் தரவு இன்னும் இடம் மாறவில்லை. ஆனால் நிரல் எதைத் தொடப் போகிறதோ, தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் அது இடம் மாறிவிடுகிறது. எழுதுவதற்குத் தனியே காவல் தேவையே இல்லை. பழைய முகவரி கையில் இருந்தால்தானே பழைய நகலில் எழுத முடியும்?

ஒரே சோதனையில் படிப்பும் எழுத்தும் இரண்டும் பத்திரம். இந்தத் தொடரில் நாம் பார்த்த யோசனைகளில் இதற்கு ஈடாக எனக்குப் படுவது செனியினுடையது ஒன்றுதான்.

*

இனி விலைக்கு வருவோம்.

நிரல்கள் எழுதுவதைவிடப் படிப்பது மிக அதிகம். சாதாரண நிரலில் நாலைந்து கட்டளைகளுக்கு ஒன்று நினைவகத்திலிருந்து எடுப்பதாகவே இருக்கும். லிஸ்ப்பிலோ பட்டியலைப் பின்தொடர்வதே பிழைப்பு. ஒவ்வொரு முறையும் ஒப்பிடு, கிளை பிரி என்று இரண்டு மூன்று கட்டளைகள் கூடுதலாகச் சேர்ந்தால் நிரலின் வேகம் குறையும், அளவும் வீங்கும். சேகரிப்பு நடக்காத நேரத்திலும் இந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. பாதிகள் பெயர் மாறிய உடனே நிரல் தொடுவது எல்லாமே பழைய பாதியில் இருக்கும். அதனால் முதல் சில ஆயிரம் படிப்புகளில் பெரும்பாலானவை நகலெடுப்பில் போய் முடியும். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய தாமதம்தான். பேக்கர் வாக்குறுதி கொடுத்ததும் அதற்குத்தான். ஆனால் சிறிய தாமதங்கள் அடுத்தடுத்து வரிசையாக வந்தால், பயன்படுத்துகிறவருக்கு அது ஒரு நிறுத்தம் போலத்தான் தெரியும். நிகழ்நேரம் என்ற சொல்லை பேக்கர் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தினார் என்பது என் கருத்து. இருபத்தைந்து வருடம் கழித்து ஐ.பி.எம். ஆய்வாளர்கள் இதே இடத்தைத்தான் பிடித்தார்கள். அது பின்னால் வரும்.

எதிர்ப்பும் எழுந்தது. 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த லிஸ்ப் மாநாட்டில் ஜான் எல். ஒயிட் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பின் பிற்பாதியே குப்பை சேகரிப்பு தீங்கானது என்று சொன்னது. முகவரிவெளி பெரிதாகிக்கொண்டே போகிறது, சேகரிக்காமல் விட்டால் என்ன என்பது அவர் கேட்ட கேள்வி. இன்றைக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அன்று சேகரிப்பானை அணைத்துவிட்டு, நினைவகம் தீர்ந்ததும் இயந்திரத்தையே மறுபடி துவக்கியவர்கள் உண்டு. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்.

*

விலை அதிகம் என்றால் விலையை வேறொருவர் தலையில் கட்டலாம். வன்பொருளின் தலையில்.

எம்.ஐ.டி. ஆய்வகத்தில் 1970-களின் நடுவிலிருந்தே லிஸ்ப்புக்கென்று தனிக் கணினி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரிச்சர்ட் கிரீன்பிளாட், டாம் நைட் ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். அந்த ஆய்வகத்திலிருந்து பிரிந்து 1980-ல் உருவான நிறுவனம் சிம்பாலிக்ஸ். அதைத் தொடங்கியவர்களில் ஹென்றி பேக்கரும் ஒருவர். இணையத்தின் முதல் டாட் காம் முகவரியைப் பதிவு செய்த நிறுவனம் என்று இன்றைக்கு வினாடி வினாக்களில் அதன் பெயர் வரும். அந்தப் பதிவு 1985 மார்ச் 15-ல் நடந்தது.

சிம்பாலிக்ஸ் 3600-ல் ஒரு சொல்லுக்கு 36 பிட். அவற்றில் சில பிட்கள், இது எண்ணா முகவரியா என்று சொல்லும் அடையாளத்துக்கு ஒதுக்கப்பட்டன. நினைவகத்திலிருந்து ஒரு சொல் வந்துகொண்டிருக்கும்போதே வன்பொருள் பக்கவாட்டில் கேட்டுவிடும்: இது முகவரியா, பழைய பாதியைச் சுட்டுகிறதா? இல்லையென்றால் நிரலுக்கு ஒரு சுழற்சிகூட நட்டமில்லை. ஆம் என்றால் மட்டும் வேலை நின்று, வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் நுண்நிரலான மைக்ரோகோட் வந்து செல்லை இடம் மாற்றும்.

பேக்கர் போட்ட சட்டம் சிலிக்கனில் எழுதப்பட்டுவிட்டது. டேவிட் மூன் அதை 1984 ஆகஸ்டில் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் நடந்த மாநாட்டில் விவரித்தார். தரவில் பெரும்பாலானது பிறந்த சிறிது நேரத்திலேயே பயனற்றுப் போகிறது என்ற கவனிப்பையும் அதோடு சேர்த்து, இளம் தரவை மட்டும் அடிக்கடி அலசும் வழியையும் வன்பொருளின் துணையோடு காட்டினார். லிஸ்ப் இயந்திரக்காரர்கள் சேகரிப்பானை அணைக்க வேண்டிய காலம் முடிந்தது என்றே தோன்றியது.

*

அதே ஆஸ்டின். அதே மாநாடு. இன்னொரு கட்டுரை.

ரோட்னி புரூக்ஸ் என்ற ஆஸ்திரேலியர். லிஸ்ப்புக்குக் கம்பைலர் எழுதிக்கொண்டிருந்தவர். சிம்பாலிக்ஸ் போன்ற தனி வன்பொருள் எல்லோருக்கும் கிடைக்குமா? கடையில் வாங்கும் சாதாரணக் கணினியில் இதைச் செய்ய முடியாதா?

ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சொல் கூடுதலாக ஒதுக்குங்கள் என்றார். அதில் ஒரு முகவரி இருக்கும். சாதாரண நேரத்தில் அது அந்தச் செல்லையே சுட்டும். செல் இடம் மாறிவிட்டால் புதிய நகலைச் சுட்டும். நிரல் எந்தச் செல்லைத் தொட்டாலும், எந்த யோசனையும் இல்லாமல், அந்தச் சொல்லின் வழியாகவே போக வேண்டும்.

கவனியுங்கள், இங்கே கேள்வியே இல்லை. மாறியதா, மாறவில்லையா என்ற ஒப்பீடு இல்லை, கிளை இல்லை. ஒரு தடவை படிக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவை படிக்கிறோம், அவ்வளவுதான். பேக்கரின் கறாரையும் புரூக்ஸ் தளர்த்தினார். நிரலின் கையில் பழைய முகவரி இருக்கலாம், பரவாயில்லை. அதன் வழியாகப் போனாலும் சரியான நகலுக்குத்தான் போய்ச் சேரும். பதிலுக்கு எழுதும்போது ஒரு காவல் போட வேண்டியதாயிற்று. பழைய முகவரி புதிய செல்களுக்குள் பரவினால் சேகரிப்பு முடியவே முடியாது.

இரண்டு சொல் கொண்ட லிஸ்ப் செல் மூன்று சொல்லானது. பாதி மடங்கு கூடுதல் நினைவகம். புரூக்ஸ் மறைக்கவில்லை. தரவின் இடத்தை விட்டுக்கொடுத்து நேரத்தையும் நிரலின் இடத்தையும் மிச்சம் பிடிப்பது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

இந்த மனிதர் பிறகு ரோபோக்கள் பக்கம் போய்விட்டார். 1990-ல் இருவரோடு சேர்ந்து ஐரோபாட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2002-ல் அது வெளியிட்ட ரூம்பா, வீட்டுத் தரையைத் தானே சுற்றிச் சுற்றிக் கூட்டியது. குப்பையிலிருந்து குப்பைக்கே போனார் என்று அவரைக் கிண்டல் செய்யத் தோன்றுகிறது. அவர் கட்டுரையில் இருந்த அந்தக் கூடுதல் சொல் என்ன ஆனது என்பது இந்தத் தொடரில் பல வாரங்கள் தள்ளி வரும். மறந்துவிடாதீர்கள்.

1984 ஏப்ரலில், ஆஸ்டினுக்கு நான்கு மாதம் முன்னால், பெர்க்லியின் டேவிட் அங்கர் வேறொரு பாதையைக் காட்டியிருந்தார். ஸ்மால்டாக் மொழிக்காகச் செய்த சேகரிப்பான். அதில் ரீட் பேரியரே கிடையாது. நிரலை நிறுத்தத்தான் செய்வார். ஆனால் இளம் தரவு இருக்கும் சிறு பகுதியை மட்டும் காலி செய்வதால் நிறுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். காவல் எழுதும்போது மட்டும். எழுதுவது அபூர்வம், ஆகவே செலவும் குறைவு.

உலகம் அங்கரின் பக்கம் சாய்ந்தது. அதில் வியப்பில்லை. அன்றைய நினைவகம் சில மெகாபைட். இளம் பகுதியை அலச எடுக்கும் நேரத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. மூத்த தரவை எப்போதாவது ஒருமுறை முழுமையாக அலச வேண்டியிருக்கும், அப்போது நீண்ட நிறுத்தம் வரும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். கடன் என்றால் இதுதான். வட்டி பதினைந்து வருடம் கழித்து வந்தது.

*

1987-க்குப் பிறகு லிஸ்ப் இயந்திரச் சந்தை சரிந்தது. சாதாரண பணிநிலையக் கணினிகள் மலிவாகவும் வேகமாகவும் வந்துவிட்டன. தனி வன்பொருள் வாங்க ஆளில்லை. சிலிக்கனில் எழுதிய சட்டம் சிலிக்கனோடு போயிற்று.

ஆனால் அந்தச் சாதாரணக் கணினிகள் ஒவ்வொன்றிலும், நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் சோதனை செய்யும் வன்பொருள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. எல்லோர் கண் முன்னாலும்.

மெய்நிகர் நினைவகம்.

நிரல் சொல்லும் முகவரியை உண்மையான இடமாக மாற்றும்போது, ப்ராசஸர் அந்த இடம் இருக்கும் நினைவகத் துண்டுக்கு, அதாவது பக்கத்துக்கு, அனுமதி உண்டா என்று பார்க்கிறது. இல்லையென்றால் இயங்குதளத்தைக் கூப்பிடுகிறது. இது இலவசம். நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நடக்கிறது.

1988 ஜூன், அட்லாண்டா. ஆண்ட்ரூ அப்பெல், ஜான் எல்லிஸ், காய் லீ ஆகிய மூவரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஃபயர்ஃபிளை என்ற பல ப்ராசஸர் கணினியில் செய்து காட்டினார்கள்.

பாதிகள் பெயர் மாறியதும், புதிய பாதியில் இன்னும் அலசப்படாத பக்கங்களை எல்லாம் பூட்டிவிடுகிறார்கள். நிரல் அதில் ஒன்றைத் தொட்டால் அனுமதி இல்லை என்று பிழை எழும். சேகரிப்பான் அந்தப் பக்கத்துக்குப் போய், அதிலுள்ள பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் திருத்தி, தேவையானவற்றை நகலெடுத்து, பூட்டைத் திறக்கிறது. நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

பேக்கரின் சட்டம் அப்படியே காப்பாற்றப்பட்டது. நிரலின் கைக்குப் பழைய முகவரி வரவே இல்லை. கம்பைலர் ஒரு கட்டளைகூடக் கூடுதலாக எழுதவில்லை. வாங்கிய கணினியை அப்படியே வைத்துச் செய்தாயிற்று.

அப்படியானால் கதை முடிந்துவிட்டதா?

இல்லை. இலவசமாக இருந்தது சோதனை மட்டும்தான். சோதனையில் தோற்றால் வரும் பிழையைக் கையாள, இயங்குதளத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஒரு சில கட்டளைகளில் முடிய வேண்டியது பல நூறு, சில கணினிகளில் ஆயிரக்கணக்கான கட்டளைகளாகிறது. அதுவும் ஒரே ஒரு முகவரிக்காக முழுப் பக்கத்தையும் அலச வேண்டும். பேக்கரிடம் பார்த்த அந்தத் தொடக்கநேர நெரிசல் இங்கே இன்னும் மோசம். பெயர் மாறிய மறுகணம் நிரல் தொடுகிற பக்கமெல்லாம் பூட்டு. பிழைக்கு மேல் பிழை.

*

1991 ஏப்ரல், கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா. கணினிக் கட்டமைப்பாளர்களும் இயங்குதளக்காரர்களும் மொழிக்காரர்களும் ஒன்றுகூடும் ஆஸ்ப்ளாஸ் மாநாடு.

அங்கே அப்பெலும் காய் லீயும் வந்தார்கள். பக்கத்தைப் பூட்டித் திறப்பதற்கும், பிழையை நிரலுக்குத் தெரிவிப்பதற்கும் வெவ்வேறு இயங்குதளங்கள் எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று அளந்து வைத்திருந்தார்கள். சில அமைப்புகள் அநியாயத்துக்கு மெதுவாக இருந்தன. இதை வேகமாக்குங்கள், நினைவகப் பூட்டு உங்களுக்கு மட்டும் பயன்படும் கருவி இல்லை என்று இயங்குதளம் எழுதுகிறவர்களிடம் கேட்டார்கள்.

அதே மாநாட்டில் டக்ளஸ் ஜான்சன் என்பவரும் ஒரு கட்டுரை வைத்தார். ரீட் பேரியருக்கான வாதம் என்பதே தலைப்பு. அவர் கேட்டது வன்பொருளிடம்.

ஆக, ஒரே மண்டபத்தில் இரண்டு மனுக்கள். ஒன்று இயங்குதளத்திடம், ஒன்று சிப் செய்கிறவர்களிடம். பேக்கர் 1977-ல் எழுதிய அந்தச் சோதனை கம்பைலர், மைக்ரோகோட், கூடுதல் சொல், நினைவகப் பக்கம் என்று பதினான்கு வருடம் கை மாறிக்கொண்டே வந்தது. எவரும் அதைச் செலவில்லாமல் செய்து முடிக்கவில்லை.

மனுக்களுக்கு உடனடியாகப் பதில் வரவில்லை. சிப் செய்கிறவர்கள் சி மொழி நிரல்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதை வைத்தே போட்டி போட்டார்கள். அவற்றில் குப்பை சேகரிப்பானே கிடையாது. பேக்கரே மனம் மாறினார். 1992 மார்ச்சில் அவர் வெளியிட்ட புதிய முறையில் தரவு எதுவும் இடம் மாறுவதில்லை. ஓடும்பட்டை, பயண மயக்கம் இல்லாத நிகழ்நேரக் குப்பை சேகரிப்பு என்று தலைப்பு வைத்தார். நிரல் ஓடும்போதே நகர்த்தும் சேகரிப்பானைத் தந்தவரே நகர்த்துவதைப் பகடி செய்துவிட்டுப் போனார்.

1995-ல் ஜாவா வந்தது. வங்கிகளும் பங்குச் சந்தைகளும் தொலைபேசி நிறுவனங்களும் தங்கள் வேலையை அதில் எழுதத் தொடங்கின. மெகாபைட் ஜிகாபைட் ஆனது. மூத்த தரவை முழுமையாக அலசும் அந்த நீண்ட நிறுத்தம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று 1984-ல் விட்டது, இப்போது பல நொடிகளாகக் கண் முன்னால் வந்து நின்றது. அந்த நொடிகளில் பணம் கைமாறாமல் காத்திருந்தது.

2002-ல் கலிபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. பெயர் அஸுல் சிஸ்டம்ஸ். எந்தச் சிப் நிறுவனமும் செய்து தரவில்லை என்றால் சிப்பையே நாம் செய்துவிடலாம், அதில் ரீட் பேரியருக்கென்று தனிக் கட்டளை வைக்கலாம் என்று தீர்மானித்தார்கள். இந்தத் துணிச்சலை சிம்பாலிக்ஸ் ஒருமுறை காட்டியிருந்தது, அதன் முடிவும் எல்லோருக்கும் தெரியும்.

சந்தையில் மலிவான சாதாரணக் கணினி குவிந்து கிடக்கும்போது, ஜாவாவை மட்டும் ஓட்டும் தனி இயந்திரத்தை யார் வாங்குவார்கள்? நிறுத்தமே இல்லாத சேகரிப்பான் என்று அவர்கள் கொடுத்த வாக்கு நிறைவேறியதா?

அடுத்த வாரம் பார்ப்போம்.